கவிழ்த்து வைத்த போட்டை வாங்குவதற்கு முன்

நாவற்குடாவில் வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முடிவில் ஒரு பைபர் போட் கவிழ்ந்து கிடக்கிறது. இருபது அடி இருக்கும். ஒரு காலத்தில் நீலமாக இருந்த நிறம் இப்போது சாம்பல். பக்கவாட்டில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர் பாதி அழிந்து, மிச்சம் நான்கைந்து எழுத்துகள்தான் தெரிகின்றன. சுனாமிக்குப் பிறகு வந்த போட் என்று அதைப் பார்த்தாலே இந்தக் கரையில் யாரும் சொல்லிவிடுவார்கள்.

சுவிஸில் இருக்கும் மச்சான் ஒருவர் போன விடுமுறைக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டுப் போனார். திரும்பிப் போனதும் ஒரு கேள்வி அனுப்பினார்: "அந்தப் போட்டை வாங்கித் திருத்தி, மேலே ஒரு கூரையும் போட்டால், வாவியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பறவை காட்டலாம்தானே? விலையும் பெரிசா இல்லை. நீ ஒருக்கா விசாரித்துச் சொல்லு."

விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கேள்வி மச்சானுடையது மட்டுமல்ல என்று தெரிந்தது. புதுப் போட்டும் புது மிசினும் எட்டாத விலைக்குப் போன பிறகு கல்லடியிலும் வாழைச்சேனையிலும் பழையதை வாங்கித் திருத்தலாமா என்று யோசிப்பவர்கள் நிறைய. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி உறவுக்காரருக்கு ஒரு தொழில் ஏற்படுத்திக் கொடுக்க நினைப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். கடற்றொழில் செய்பவர்கள், பைபர் வேலை செய்பவர்கள், மிசின் திருத்துபவர்கள், இரண்டு சட்டத்தரணிகள் என்று பலரோடு கதைத்ததில் சேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். முக்கால்வாசி என் மாமாவிடம் கேட்டது. அவர் யுத்தம் முடிந்த அடுத்த வருடம் ஒரு பழைய போட் வாங்கினார். வாங்கிய விலை ஒரு பங்கு என்றால் திருத்திய செலவு மூன்று பங்கு. ஆகவே அவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

எப்படி இத்தனை பழைய போட்டுகள் கரைக்கு வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் கிழக்குக் கரையில் தோணியும் வள்ளமும் போட்டும் ஒரே காலையில் போய்விட்டன. நாவலடி, திருச்செந்தூர், கல்லடிப் பக்கம் இழப்பு எப்படி என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த இரண்டு வருடங்களில் உதவி வந்தது. அதில் பெரும் பகுதி பைபர் போட்டாக வந்தது. கேள்வி திடீரென்று ஏறியதால் அதற்கு முன் ஒரு போட்டும் செய்யாதவர்கள்கூட அச்சு வைத்து வார்க்கத் தொடங்கினார்கள். உலக உணவு விவசாய நிறுவனமே அப்போது தரமற்ற போட்டுகள் கொடுக்கப்படுவதாக எச்சரித்தது. மேட் குறைவு, ரெசின் கூடுதல், உள்ளே வைத்த பலகை காயாத பலகை. அதே நேரம் நல்ல பட்டறையில் அக்கறையாகச் செய்து கொடுத்த போட்டுகளும் இருந்தன. அவற்றில் சில இன்றைக்கும் ஒழுக்கின்றி ஓடுகின்றன. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான். சிக்கலே அதுதான்.

போதாததற்கு யுத்தம். 2006, 2007 இல் கிழக்கில் சண்டை நடந்த காலத்தில் கடலுக்குப் போக பாஸ், நேரக் கட்டுப்பாடு, மிசினின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு. வந்து ஒரு வருடம்கூட ஆகாத போட்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தவர்கள் தங்கள் போட்டை வேறொரு ஊரின் கரையில் கண்டதுண்டு. பழைய போட்டின் வயதைக் கேட்கும்போது "எத்தனை வருடம்" என்பதோடு "அதில் எத்தனை வருடம் சும்மா கிடந்தது" என்றும் கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் போட்டின் குறை தெரிந்துவிடும். ஒழுகினால் அன்றே ஒட்டுவார்கள். சும்மா கிடக்கும் போட்டில் மழைத்தண்ணீர் நின்று, பலகைக்குள் இறங்கி, ஆரும் காணாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

இனி போட்டைப் பார்க்கும் முறை.

பைபர் உக்காது என்பது பொதுவான நம்பிக்கை. கண்ணாடி நாரும் ரெசினும் உக்காதுதான். ஆனால் நம்முடைய போட்டுகளில் பைபருக்குள் மரம் இருக்கிறது. மிசின் பூட்டும் பின்பலகை, அடியில் நீளமாக ஓடும் தாங்கு கட்டைகள், குறுக்கே இருக்கும் இருக்கைப் பலகைகள் என்று மூன்று இடத்திலும் மரத்தை வைத்து அதன் மேல் பைபர் மூடியிருப்பார்கள். ஒரு ஆணித் துளை, ஒரு சின்ன வெடிப்பு போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். போனது வெளியே வர வழியில்லை. வெளியே பளபளப்பான போட், உள்ளே கஞ்சியான பலகை.

பின்பலகைதான் முதலில் பார்க்க வேண்டியது. மிசின் பூட்டியிருந்தால் அதன் கால் பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். பலகை வளைந்து கொடுத்தாலோ, பலகையும் பக்கமும் சேரும் மூலையில் மயிரிழை வெடிப்பு விரிந்து மூடினாலோ, பலகை போய்விட்டது. மிசின் இல்லாவிட்டால் ஒரு சின்னச் சுத்தியலால், அல்லது பத்து ரூபாய்க் குற்றியால், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்' என்று கேட்கும். பிரிந்த இடமும் உக்கின இடமும் மொத்தையான சத்தம் கொடுக்கும். ஐந்து நிமிடம் தட்டினால் காது தானே பழகிவிடும். மாமா வாங்கும்போது தட்டவில்லை. "நிறம் நல்லா இருந்திச்சு மருமகன், அதைப் பாத்து ஏமாந்திட்டன்" என்கிறார்.

சந்தேகம் தீராவிட்டால் விற்பவரிடம் கேட்டு, பின்பலகையின் உட்புறம் அடியோரமாக ஒரு சின்னத் துளை போட்டுப் பார்க்கலாம். ஐந்து மில்லிமீற்றர் துளை போதும். வெளியே வரும் தூள் வெளிறி, உலர்ந்து வந்தால் பலகை உயிரோடு இருக்கிறது. கறுத்து, ஈரமாகத் துளையாணியில் ஒட்டிக்கொண்டு வந்தால் கதை முடிந்தது. பார்த்த பிறகு துளையை ரெசின் வைத்து அடைத்துவிட வேண்டும். துளை போட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இருக்கைப் பெட்டிகளுக்குள் இருக்கும் நுரை. போட் கவிழ்ந்தாலும் தாழாமல் மிதக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. தரம் குறைந்த நுரை, அல்லது சரியாக மூடப்படாத பெட்டி, வருடக்கணக்கில் தண்ணீரைக் குடிக்கும். ஒரு கன அடி இடத்தில் ஏறக்குறைய 28 லீற்றர் தண்ணீர் நிற்கும். நான்கு கன அடி நுரை ஊறிவிட்டால் நூறு கிலோவுக்கு மேல் பாரம். அதைச் சுமந்துகொண்டுதான் தினமும் எண்ணெய் எரிப்பீர்கள். ஆபத்தில் மிதக்க வைக்க வேண்டியது அப்போது உங்களைக் கீழே இழுக்கும். முன்பு நான்கு பேர் தூக்கிக் கரையேற்றிய போட்டுக்கு இப்போது எட்டுப் பேர் வேண்டியிருக்கிறது என்று பக்கத்து வாடிக்காரர் யாராவது சொன்னால் அந்த வார்த்தையை விட்டுவிடாதீர்கள்.

அடிப்பாகத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெல்கோட்டுக்குள் தண்ணீர் ஊடுருவி, சரியாக இறுகாத ரெசினோடு சேர்ந்து உண்டாவது அது. குத்தினால் புளித்த வினாகிரி மாதிரி மணக்கும் தண்ணீர் வரும். அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் சுரண்டி, காயவிட்டு, அடைக்கலாம். அடி முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தால் ஜெல்கோட் முழுவதையும் கிரைண்டரில் எடுத்து, வாரக்கணக்கில் காயவிட்டு, மேலே புதிதாக மேட் போட வேண்டும். அந்த வேலையின் அளவு பலருக்குத் தெரிவதில்லை என்பதால் ஒரு கணக்கு சொல்கிறேன். இருபது அடிப் போட்டின் அடிப்பாகம் சுமார் 10 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 450 கிராம் மேட் ஒரு படை போட்டால் 4.5 கிலோ மேட், கையால் பூசும்போது அதன் இரண்டரை மடங்கு, அதாவது 11 கிலோவுக்கு மேல் ரெசின். இரண்டு படை என்றால் 9 கிலோ மேட், 22 கிலோ ரெசின். விரயம் தனி. இந்த அளவைக் கடையில் அன்றைய விலைக்கு எழுதி வாங்கிய பிறகு போட் விலையைப் பேசுங்கள்.

ஒட்டுப் போடுவதிலும் கள்ளம் உண்டு. பழைய பைபருக்கு மேல், பெயின்றுக்கு மேல், புதிய ரெசினைப் பூசினால் அது பிடிக்காது. தோல் மாதிரி உரிந்து வரும். நல்ல ஒட்டு என்றால் ஓட்டையைச் சுற்றிச் சாய்வாகக் கிரைண்ட் பண்ணி, தடிப்பின் பன்னிரண்டு மடங்கு தூரம் வரை அகலமாக எடுத்துப் போட வேண்டும். கால் அங்குலத் தடிப்பு என்றால் சுற்றிவர மூன்று அங்குலச் சாய்வு. போட்டின் பழைய ஒட்டு ஒவ்வொன்றையும் உள்ளேயும் வெளியேயும் தடவிப் பார்த்தால் செய்தவர் அவசரக்காரரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. ஹார்ட்னர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி லீற்றர். நல்ல வெயிலில் குறைத்துப் போட வேண்டும், கூடினால் பாத்திரத்திலேயே சூடேறிப் புகைத்து இறுகிவிடும். கோபால்ட் தனிப் போத்தலில் வந்தால் அதையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றது. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் இந்த வேலை செய்பவர்களைத்தான் நம் கரையில் அதிகம் காண்கிறோம்.

காலமும் முக்கியம். வாடை மழை தொடங்கிவிட்டால், ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, இங்கே பைபர் வேலை சரிவராது. ஈரத்தில் பலகையும் காயாது, ரெசினும் ஒழுங்காக இறுகாது. கச்சான் காற்றுக் காலம் காய வைப்பதற்கு நல்லது, ஆனால் அதுதான் கடலுக்குப் போகும் காலமும். அந்த மாதங்களில் போட்டைக் கரையில் வைத்துத் திருத்துகிறவர் அந்த வருட உழைப்பை விட்டுவிட்டுத்தான் திருத்துகிறார். இந்த இழப்பை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

மிசினைப் பற்றிச் சுருக்கமாக. நம் கரையில் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் மிசின். பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெய்க்கு மாறுவது. சூடாக்கி வைத்த மிசினைப் பார்க்காதீர்கள். குளிர்ந்த மிசினை உங்கள் முன்னால் இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் துப்பும் குழாயில் சீராகத் தண்ணீர் வருகிறதா, கியர் ஒயில் திறந்தால் பால் நிறத்தில் வருகிறதா (வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது), பிளக் இரண்டும் ஒரே நிறமா, இலக்கம் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மிசினுக்கு ரசீது இல்லையென்றால் வாங்க வேண்டாம். களவு போகும் பொருட்களில் அதுவும் ஒன்று. போட்டோடு மிசினும் சேர்த்து ஒரு விலை சொன்னால் இரண்டையும் பிரித்து விலை கேளுங்கள். அப்போதுதான் எதில் உங்களை ஏற்றுகிறார்கள் என்று விளங்கும்.

எண்ணெய்ச் செலவு தனிக் கதை. 2022 ஓகஸ்ட் 22 இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. முழு வேகத்தில் மணிக்கு ஏழு லீற்றர் குடிக்கும் மிசினுக்கு 609 ரூபாய் போன இடத்தில் 2,380 ரூபாய். அதற்குப் பிறகு விலை இறங்கியது, பழைய இடத்துக்கு வரவில்லை. ஒரு போட்டை வாங்கலாமா என்ற கணக்கை மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்து ஆட்களிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் அந்தக் காலத்துக்குரியது.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பழைய ஆழ்கடல் போட்டுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது வேறு உலகம். உள்ளே டீசல் மிசின், சாஃப்ட், ஐஸ் அறை, வயரிங். ஐஸ் அறையின் சுவருக்குள் இருக்கும் நுரை ஊறியிருந்தால் ஐஸ் நிற்காது, ஐஸ் நிற்காவிட்டால் மீன் நிற்காது. மிசின் அமர்ந்திருக்கும் கட்டைகள் உக்கியிருந்தால் மிசினைத் தூக்காமல் மாற்ற முடியாது. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டு, 2016 ஜூனில் நீக்கியது. அந்த இடைவெளியில்தான் ஆழ்கடல் போட்டுகளுக்குக் கண்காணிப்புக் கருவி, பதிவேடு என்று கட்டுப்பாடுகள் இறுகின. பழைய போட்டை இந்தத் தரத்துக்குக் கொண்டுவரும் செலவும் விலையில் சேரும். தொழில் தெரிந்த ஒரு கூட்டாளி இல்லாமல் வெளிநாட்டுக் காசை மட்டும் நம்பி இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிநாட்டில் வாழும் வாசகர்கள் சிலருக்கு இதே ஆசை வேறு வடிவில் வருகிறது. நோர்வேயிலோ கனடாவிலோ கட்டி வைத்த பழைய மோட்டார் யாட் ஒன்று கார் விலைக்கு, சில நேரம் சும்மாவே கிடைக்கும். சும்மா கொடுப்பதன் காரணம், கட்டி வைக்கும் வாடகையும் குளிர்காலம் கரையேற்றும் கூலியும் ஒவ்வொரு வருடமும் வருவதுதான். அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. வாங்குபவர் தன் செலவில் ஒரு பரிசோதகரை அழைத்து, போட்டைக் கரையேற்றிப் பார்த்து, தண்ணீரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் காசு கைமாறும். அறிக்கை சரியில்லையென்றால் முற்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். நம் ஊரில் அந்தத் தொழில் இல்லாவிட்டாலும் அந்த வழக்கத்தை நாம் கடன் வாங்கலாம். விற்பவருக்கு உறவில்லாத ஒரு பைபர் வேலைக்காரருக்கோ ஓடாவிக்கோ ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

இந்த இடத்தில் அன்னபூரணியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய சரக்குக் கப்பல் அது. அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு போய் 1938 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரரில் சேர்த்தார்கள். நம்மவர்கள் பெருமையோடு சொல்லும் பயணம். நான் இதில் கவனிப்பது வாங்கியவரை. றொபின்சன் அதற்கு முன்பே ஒரு சிறிய பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினார். வாங்கியதை ஓட்டுவதற்குக் கடல் தெரிந்த ஆட்களும் கூடவே இருந்தார்கள். மச்சானுக்கு இரண்டுமே இல்லை.

இனி காகிதம். இதுதான் நாவற்குடாப் போட்டில் என்னை நிறுத்தி வைத்த இடம்.

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகு பதிவு செய்யப்பட வேண்டும், தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். போட்டின் பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கம் அந்தப் பதிவுதான். வாங்குவதற்கு முன் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்குப் போய் அந்த இலக்கம் யார் பெயரில் இருக்கிறது, அனுமதி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, பெயர் மாற்ற என்ன வேண்டும் என்று கேளுங்கள். கரையில் காசைக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட ஒரு துண்டை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் பிறகு அலைந்த கதைகள் நிறைய. மாமாவின் பழைய போட்டுக்கும் அதுதான் நடந்தது. பதிவு வேறொருவர் பெயரில் இருந்தது, அவர் ஊரில் இல்லை. பெயர் மாற்றி முடிக்க ஒன்றரை வருடம் போனது.

சுனாமிப் போட்டுகளில் இன்னொரு சிக்கல். தனி ஆளுக்குக் கொடுத்தவை உண்டு, சங்கத்தின் பெயரில் கொடுத்தவை உண்டு, விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தவையும் உண்டு. இருபது வருடமாக ஒருவரே ஓட்டியிருந்தாலும் காகிதத்தில் அவருடையதாக இல்லாமல் இருக்கலாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுவிடுங்கள். பழைய தலைவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நாவற்குடாப் போட்டின் சொந்தக்காரர் 2007 இல் காணாமற்போனார். விற்பவர் அவருடைய மனைவி. முதல் நாள் நான் போனபோது அவர் போட்டின் விலையைச் சொல்வதற்கு முன் என்னை உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார். பதிவு இன்னும் கணவர் பெயரில்தான் இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிப் பலர் சொன்னார்களாம். "எடுத்தா எல்லாம் லேசு எண்டுதான் சொல்றாங்க தம்பி. எனக்கு அதுல கையெழுத்து வைக்க ஏலாது" என்றார்.

இப்படியான குடும்பங்களுக்கு 2016 இலிருந்து இன்னொரு வழி இருக்கிறது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டு, இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமற்போனவர் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று கொண்டுவரப்பட்டது. அதை வைத்துக் குடும்பத்தினர் காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். ஆனால் பராமரிப்பது வேறு, விற்பது வேறு. நான் கேட்ட இரண்டு சட்டத்தரணிகளும் ஒரே மாதிரிச் சொன்னது இதை: காசு கைமாறுவதற்கு முன் குடும்பத்தின் சட்டத்தரணி ஒருவர் காகிதங்களைப் பார்க்க வேண்டும், வளர்ந்த பிள்ளைகள் எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். அந்தச் செலவை வாங்குபவர் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம் என்பது என் கருத்து. காகிதம் சரியில்லை என்ற காரணத்தைக் காட்டி விலையைப் பாதியாகக் குறைத்து வாங்குவது இந்தக் கரையில் நடக்கிறது. அப்படி வாங்கியவர்களிடமும் நான் கதைத்திருக்கிறேன், அவர்கள் அதைச் சாமர்த்தியம் என்கிறார்கள்.

மச்சான் கேட்டது மீன்பிடிக்க அல்ல, ஆட்களை ஏற்ற. மீன்பிடிப் பதிவு இருக்கும் போட்டில் ஆட்களை ஏற்றிக் காசு வாங்க முடியாது. அதற்குத் தனி அனுமதி, உயிர்காப்பு அங்கி, ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கை என்று வேறு ஒழுங்குகள் இருக்கின்றன. கூரை போடுவது அலங்கார வேலை மாதிரித் தோன்றும். அப்படியல்ல. இருபது அடிப் போட்டுக்கு மேலே பாரத்தை ஏற்றி, அதில் எட்டுப் பேர் ஒரு பக்கம் எழும்பி நின்று கொக்கைப் பார்த்தால் என்னவாகும் என்று வாவியில் தோணி ஓட்டும் எந்தப் பொடியனிடமும் கேட்கலாம். 2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட பலர் இறந்தார்கள். தண்ணீர் பெரிய ஆழமில்லை, தூரமும் இல்லை. வாவி அமைதியானது என்ற நம்பிக்கையில்தான் நாம் வாவிப் படகுகளைக் கவனிக்காமல் விடுகிறோம். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். பின்னேரக் காற்றில் நடு வாவியில் அலை எப்படி எழும்பும் என்று கல்லடிப் பாலத்தில் நின்றே பார்க்கலாம்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதும் முடிவில் சேரும். உறவுக்காரர் அனுப்பும் காசு என்றால் நட்டம் மனஸ்தாபத்தோடு போகும். நுண்கடன் எடுத்துப் பழைய போட் வாங்குவது என்றால், போட் கரையில் கிடந்து திருத்தப்படும் மூன்று நான்கு மாதமும் அது ஒரு சதமும் உழைக்காது, தவணைக்காரர் வாரா வாரம் வருவார். கடன் எடுத்துத்தான் வாங்க வேண்டுமென்றால் திருத்தத் தேவையில்லாத, ஓடிக்கொண்டிருக்கும் போட்டைக் கொஞ்சம் கூட விலை கொடுத்து வாங்குவது நல்லது. விலை மலிவான போட்டை வாங்கும் வசதி கையில் சேமிப்பு உள்ளவருக்குத்தான் இருக்கிறது. கேட்க விசித்திரமாக இருக்கும், மாமாவின் கணக்குப் புத்தகம் அதைத்தான் சொல்கிறது.

அந்தக் கணக்குப் புத்தகத்தை நான் வாங்கிப் பார்த்தேன். முதலில் நினைத்தது பெயின்றும் இரண்டு ஒட்டும். எழுதியிருப்பது: பின்பலகை, தாங்கு கட்டை இரண்டு, நுரை, மேட், ரெசின், கிரைண்டர் தட்டு, வேலையாட்களுக்குச் சோறு, மிசினுக்குக் கார்பரேற்றர், பிறகு மிசினே வேறு. ஒவ்வொன்றும் முதல் போட்டதை வீணாக்கக் கூடாது என்ற காரணத்துக்காகப் போட்ட செலவு. எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று கேட்டேன். "பின்பலகையைத் திறந்த அண்டைக்கே. அதுக்குப் பிறகு நான் போட்டைத் திருத்தல்ல, என்ர பிழையத் திருத்தினன்" என்றார். அவர் அந்தப் போட்டை ஏழு வருடம் ஓட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுகவில்லை. இரண்டு பிள்ளைகள் அதில் படித்தார்கள்.

இன்னொன்று. பைபர் போட்டை வாங்கிக் கைவிட்டால் அதை எரிக்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது, பழைய இரும்புக்காரரும் எடுக்க மாட்டார். மரத் தோணி என்றால் அடுப்புக்காவது போகும். கரை முழுக்கக் கிடக்கும் ஓடுகளில் நுளம்பு பெருகுவதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். வாங்கினால் அந்த ஓடும் உங்களுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு நாவற்குடாப் போட்டைப் பார்க்கப் போனேன். நான்கு பேரைப் பிடித்து நிமிர்த்தினோம். அவ்வளவு பாரமில்லை, அது முதல் நல்ல செய்தி. கவிழ்த்து வைத்திருந்ததால் மழை உள்ளே நிற்கவில்லை. அந்த அக்கா பதினெட்டு வருடமாக ஒவ்வொரு வாடைக்கும் முன் ஆள் பிடித்துக் கல் மாற்றி வைத்திருக்கிறார். மாமா சுத்தியலால் அணியத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். பக்கங்கள் நல்ல சத்தம். தாங்கு கட்டையில் ஒரு முழ நீளம் மொத்தை. பின்பலகையில் அக்காவிடம் கேட்டுத் துளை போட்டோம். மேலே போட்ட துளையில் தூள் வெளிறி வந்தது, அடியில் போட்டதில் கறுப்பாக வந்தது. அடியிலிருந்து ஏறத்தாழ எட்டு அங்குலம் உக்கியிருக்கிறது. மிசின் இல்லை.

"மீன்பிடிக்க எண்டா எடுக்கலாம்" என்றார் மாமா. "பின்பலகை முழுசா மாத்தோணும், ஒரு கட்டை மாத்தோணும். அடி நல்லம். செஞ்சவன் மனுசன். கூரை போட்டு ஆள் ஏத்துற கதைய மச்சானை விடச் சொல்லு."

அதை அப்படியே சுவிஸுக்கு அனுப்பினேன். கூடவே மூன்று தொகைகளையும் எழுதினேன்: அக்கா கேட்கும் விலை, பின்பலகைக்கும் கட்டைக்கும் சாமானும் கூலியும், சட்டத்தரணிக்கும் பெயர் மாற்றத்துக்கும் ஆகும் செலவு. மூன்றாவதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆட்களை ஏற்றாவிட்டால் தனக்கு என்ன வேலை என்று கேட்டார். பிறகு, அக்காவின் மூத்த மகன் இப்போது வேறொருவருடைய போட்டில் கூலிக்குத்தான் போகிறாரா என்று கேட்டார். ஆம் என்றேன். விற்காமல், அந்தப் பொடியனுக்கே திருத்திக் கொடுத்தால் எவ்வளவு முடியும் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். வாடைக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. மாமா பலகை விலை கேட்கக் காத்தான்குடிக்குப் போயிருக்கிறார்.